லயத்து வீடும் தூரத்துப் பிள்ளைகளும்

மலேசியாவின் பேராக் மாநில ரப்பர் தோட்டங்களில், தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டுக்கு வாடகை இருந்ததில்லை. அதைச் சலுகை என்று நினைத்தவர்கள் உண்டு. கணக்கோ வேறு. வேலை இருக்கும்வரைதான் வீடு. பால் வெட்டும் கை ஓய்ந்தால் நிர்வாகம் வீட்டைக் கேட்கும். வளர்ந்த பிள்ளை தோட்டத்தில் பேர் பதியவில்லை என்றால், தான் பிறந்த கூரையின் கீழேயே அவனுக்கு உரிமை இல்லை. ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பேரப்பிள்ளைகளைத் தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் தாத்தா பாட்டிகளின் கதை இந்த வீட்டில்தான் தொடங்குகிறது.

ரப்பர் கன்றுகள் 1877-இல் கோலக்கங்சாருக்கு வந்தன. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அங்கே அவற்றை நட்டார். மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்ட காலம் வந்ததும் காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறினால் பினாங்கு. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் ஐயாயிரம் பேரைத் தளத்தில் ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருந்தது.

ஆக, பிள்ளைப் பிரிவில் முதலில் வாடியவர்கள் பேராக்கில் இல்லை, காவிரிக் கரையில் இருந்தார்கள். மூன்று வருடம் சம்பாதித்துவிட்டுத் திரும்புகிறேன் என்று போனவனுக்கு மலாயாவிலேயே குடும்பமாகிவிடும். பேரன் பிறந்த சேதி, எழுதத் தெரிந்த யாரோ ஒருவரின் கையெழுத்தில் கடல் கடந்து வரும். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938-இல் இந்திய அரசே உதவி பெற்ற கூலிக் குடியேற்றத்தை நிறுத்தியது. பிறகு வந்தது ஜப்பானியர் காலம். மலாயாத் தோட்டங்களிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூடப் பெற்றவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

போருக்குப் பிறகும் அமைதி உடனே வரவில்லை. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சிதறிக் கிடந்த லயங்கள் பல ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் வந்தன.

ஆனாலும் 1950-களும் 60-களும்தான் இந்த வரலாற்றில் தாத்தா பாட்டிகளின் காலம். விடியுமுன் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் பேர் கொடுத்துவிட்டு மகனும் மருமகளும் மரத்துக்குப் போவார்கள். கைக்குழந்தை ஆயா கொட்டகைக்குப் போகும். பால் வெட்ட முடியாத வயதான பெண்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் அதுதான். தன் பேரனோடு பக்கத்து லயத்துப் பிள்ளைகள் இருபது பேரையும் தொட்டில்களில் போட்டு ஆட்டியவள் அவள். தாய்மார் வாளியோடு பால் ஸ்டோரிலிருந்து திரும்பும்வரை குழந்தைகளின் அழுகையும் பசியும் அவள் பொறுப்பு. மூன்று தலைமுறை கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தது.

அதை நினைத்து இன்று பலர் உருகுகிறார்கள். உருகலாம், ஆனால் அந்தக் கூட்டு வாழ்க்கைக்குப் பாசம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குப் போக வேறு இடம் இல்லை. தோட்டப் பள்ளி தொடக்கக் கல்வியோடு நின்றது. அதற்கு மேல் படிக்கப் பட்டணம் போக வேண்டும், பட்டணத்துக்குப் பஸ் காசு வேண்டும். 1950-களில் சுங்கை சிப்புட் பட்டணத்தில் மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்ப முன்னின்றவர் அதே ஊரில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். 

அதே காலத்தில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியிருந்தார்கள். சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்குவது திட்டம். முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். வேலையோடு வீடும் போய்விடக் கூடாது என்ற கவலைக்குத் தமிழர்கள் கண்ட பதில்களில் இதைவிடப் பெரியது இல்லை. ஆனால் விற்பனைக்கு வந்த தோட்டங்களின் எண்ணிக்கைக்கு அது போதவில்லை.

1969-இல் பிரிவு திசை மாறியது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்திரம் இல்லாததாலும் விண்ணப்பம் எழுதத் தெரியாததாலும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருந்துவிட்டவர்கள் தோட்டங்களில் ஏராளம். சுதந்திரத்துக்குப் பின் இங்கே பிறந்த பிள்ளைகளோ குடிமக்கள். ஒரே வீட்டில் இரண்டு நிற அட்டை. ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் அந்த ஆண்டுகளில் நாட்டைவிட்டுப் போனதாகக் கணக்கு. இந்த முறை பிள்ளைகளை விட்டுக் கப்பலேறியவர்கள் பெற்றோர். இளமையில் வந்த அதே 'ரஜூலா'வில் முதுமையில் திரும்பியவர்களும் உண்டு. அந்தக் கப்பல் 1974-இல் உடைக்கப்பட்டது. பின்னால் வந்த 'சிதம்பரம்' 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியே நின்றுபோனது.

அந்த 1985 ஈப்போவுக்கும் கெட்ட ஆண்டு. அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. தோட்டங்களில் ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ரப்பர் அளவுக்கு ஆள் தேவையில்லை. தேவைப்பட்ட ஆட்களும் பின்னாளில் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். நிலம் பட்டணத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வீடமைப்புத் திட்டமானது. பிள்ளைகள் ஷா ஆலம், கிள்ளான், பினாங்குத் தொழிற்சாலைகளுக்கும், ஜொகூர் வழியாகச் சிங்கப்பூருக்கும் போனார்கள். பெற்றோர் ஈப்போவின் புந்தோங்கிலோ மலிவு வீட்டிலோ குடியேறினார்கள். இன்று மலேசியாவில் முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் பேராக் முன்வரிசையில் நிற்கிறது.

பெருநாளுக்கு மலாய்க்காரர் கம்பம் என்ற சொந்தக் கிராமத்துக்குப் போவதுபோல் தோட்டத்துத் தமிழருக்குப் போக ஊர் இல்லை. லயம் இடிந்துவிட்டது. தீபாவளிக்குப் பொது விடுமுறை ஒரே நாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, எண்ணெய்க் குளியலும் இட்டிலியும் முடிந்த கையோடு திரும்பும் டிக்கெட்டைப் பார்த்துக்கொள்வான்.

மிஞ்சியது பல இடங்களில் தோட்டத்து மாரியம்மன் கோயில்தான். சுற்றிலும் செம்பனை, நடுவில் கோயில். ஆண்டுத் திருவிழாவுக்கு ஐம்பது வயதுக்காரர்கள் கார்களில் வந்து இறங்குகிறார்கள். ஆயா கொட்டகையில் ஒன்றாகத் தூங்கியவர்கள், இப்போது ஆளுக்கொரு மாநிலம். நாளைக் குறிக்கும்போது பல கோயில்களில் பஞ்சாங்கத்தோடு பள்ளி விடுமுறை அட்டவணையும் விரிகிறது. பெரியவர்கள் அதற்கு முணுமுணுப்பதில்லை; பேரப்பிள்ளைகள் வர வேண்டுமே.