தியோடலைட்

தியோடலைட் என்பது, முக்காலியின் மீது மட்டமாக நிறுத்தப்பட்ட தொலைநோக்கியைக் கிடையாகவும் செங்குத்தாகவும் சுழற்றி, தொலைவிலுள்ள புள்ளிகளுக்கு இடைப்பட்ட கோணத்தை அளந்தறியும் நில அளவைக் கருவியாகும். ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்காகிய விகலை அளவுக்குப் பிழை நேர்ந்தாலே ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் விலகலாகிவிடும். ஆதலால், வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரிப்பதிலும் பிரித்த கோட்டைப் பிழையின்றிப் படிப்பதிலுமே இக்கருவி செய்வோரின் கவனம் நெடுங்காலம் இருந்துவந்தது.

பழுப்பு நிலக்கரிச் சுரங்கமுள்ள நெய்வேலி அமைந்துள்ள பழைய தென்னார்க்காட்டுப் பகுதி இக்கருவியின் இந்திய வரலாற்றில் தொடக்கத்திலேயே இடம்பெறுகிறது. நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பின்னர் அதிலிருந்து முக்கோணங்களைத் தொடுத்துச் சென்று, புவியின் வளைவை அறிவதற்காக அவர் அளந்த முதல் தெற்கு வடக்கு வில்லின் தென்முனை கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் அமைந்தது. இலண்டனில் வில்லியம் கேரி செய்தளித்த அவருடைய பெரிய தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடையும் 3 அடி விட்டமுள்ள கிடைவட்டமும் கொண்டது. அது 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலேற்றப்பட்டபோது கயிறு அறுந்து சுவரில் மோதியதால் வட்டம் நெளிந்துபோக, லாம்டன் ஆறு வாரம் உழைத்து அதைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த நுண்ணோக்கிகளால் படித்துச் சராசரி காண்பதால் மையம் விலகிய பிழை நீங்கும் என்பதும், வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் ஒரே கோணத்தைத் திரும்பத் திரும்ப அளந்தால் கோடு பிரித்ததில் உள்ள பிழை குறையும் என்பதுமே இத்தகைய கருவிகளை நம்பத்தக்கவை ஆக்கின.

லாம்டனுக்குப் பின் இப்பணியைத் தொடர்ந்த ஜார்ஜ் எவரெஸ்டின் காலத்தில் கருவிகளைச் செப்பனிடும் திறன் இந்தியாவிலேயே வளர்ந்தது. ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் உசேன், 1843இல் அளவைத் துறையின் கணிதக் கருவி வல்லுநராகப் பொறுப்பேற்றார். எவரெஸ்டின் பெயர் சிகரத்தின் மீது நிலைத்திருக்க, அவருடைய கருவிகளைப் பழுதின்றிக் காத்த இக்கைவினைஞரின் பெயர் நம் பாடநூல்களில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

பித்தளை வட்டத்தின் இடத்தைக் கண்ணாடி வட்டம் பிடித்தது 1920களில். சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிக் வில்டு, ஒளிபுகும் வட்டத்தின் எதிரெதிர்க் கோடுகளை முப்பட்டகங்களின் வழியே ஒரே பார்வையில் இணைத்துக் காட்டியதால், கையில் தூக்கிச் செல்லத்தக்க சிறு கருவியிலேயே ஒரு விகலை வரை படிக்க முடிந்தது. தூரத்தையும் ஒளியைக்கொண்டே அளக்கும் முறை 1940களில் சுவீடனின் எரிக் பெர்க்ஸ்ட்ராண்டால் உருவாயிற்று; சீராக ஏறி இறங்கும் ஒளிக்கற்றை இலக்கில் பட்டுத் திரும்பும்போது அதன் அலைநிலையில் ஏற்படும் வேறுபாட்டைக் கொண்டு இம்முறை தூரத்தைக் கணிக்கிறது. கோணம் அளப்பதும் தூரம் அளப்பதும் ஒன்றிணைந்த கருவியே இன்றைய டோட்டல் ஸ்டேஷன்.

1957இல் தோண்டத் தொடங்கிய நெய்வேலி போன்ற திறந்தவெளிச் சுரங்கத்தில் இத்துல்லியம் நேரடிப் பயன் தருவது. பக்கெட் வீல் எந்திரங்கள் படிப்படியாக அகழ்ந்தெடுக்கும் மேல்மண்ணின் கனஅளவு, படிகளின் விளிம்பையும் அடியையும் ஒளிக்கருவியால் குறித்தே கணக்கிடப்படுகிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்துடன் நீர் தேங்கியுள்ளதால், தோண்டிய மட்டத்தைப் பிழையின்றி அறிவது பாதுகாப்புக்கும் இன்றியமையாதது.

இப்போது பெரும்பிழை உலோகத்திலிருந்து வருவதில்லை, காற்றிலிருந்தே வருகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால், ஒளியால் அளக்கும் தூரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேறுபடும். கருவியில் 20 டிகிரி எனப் பதிந்துவிட்டு 40 டிகிரிச் சித்திரை வெயிலில் அளந்தால் அது அத்தூரத்தை ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் குறைவாகவே காட்டும். ஆகவே வெப்பமானியும் காற்றழுத்தமானியும் தியோடலைட்டின் துணைப்பொருள்கள் அல்ல, அதன் உறுப்புகளாகவே கொள்ளத்தக்கவை.