விம்பிள்டனுக்குப் போற நானாமாருக்கு

விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில் ஆட்டம் தொடங்குவது அங்கே பகல் ஒன்றரைக்கு. நிந்தவூரில் அப்ப ஆறு மணி. மகுரிப் தொழுதுட்டு வந்து குந்தினால் முதல் செட்டின் நடுவில் போய்ச் சேரலாம். எங்கட கூட்டத்தில் டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டவன் ஒருத்தன்தான். ஆனாலும் ஜூலை வந்தால் எல்லாரும் நிபுணர்கள்.

அப்படியொரு ஜூலையில், லண்டனில் வேலை செய்யும் நண்பனின் நானா இரண்டு நாள் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தார். இடையில் ஒரு நாள் சும்மா கிடந்தது. பிரிட்டிஷ் நூதனசாலைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்று கேள்விப்பட்டு உள்ளே போயிருக்கிறார். டென்னிஸ் படத்துக்காகக் காத்திருந்த எங்களுக்கு வந்தது தங்க நிறச் சிலை ஒன்றின் படம். கூடவே ஒரு வொய்ஸ்: "டேய், இது திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் நடுவுல எடுத்ததாம் என்டு எழுதிப் போட்டிரிக்கி. நம்மட பக்கத்துச் சாமான் இங்க என்னடா செய்யிது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய் எழுதினதுதான் இது.

33ஆம் இலக்கக் காட்சியறையில் நிற்கும் அந்தச் சிலை தாரா. மகாயான பௌத்தத்தில் கருணையின் வடிவமாகக் கொள்ளப்படுபவள். உயரம் 143 சென்ரிமீட்டர், ஏறத்தாழ எங்கட வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் உயரம். உள்ளே கோதில்லாமல் முழு வெண்கலமாக வார்த்து, மேலே பொன் பூசியிருக்கிறார்கள். காலம் எட்டாம் நூற்றாண்டளவு. வலது கை வரம் கொடுக்கும் பாவனையில் கீழே நீண்டிருக்கிறது. உயர்ந்த கிரீடத்தின் முன்னால் வெறுமையாக ஓரிடம். அதில் ஒரு காலத்தில் பெரிய கல்லொன்று பதித்திருக்கலாம் என்கிறார்கள்.

இதை 1830இல் நூதனசாலைக்குக் கொடுத்தவர் சேர் ரொபர்ட் பிரவுன்ரிக். 1812 முதல் 1820 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனதும் இவர் காலத்தில்தான். நூதனசாலைப் பதிவில் 'நன்கொடை' என்றுதான் இருக்கிறது. ஆளுநர் ஒரு பொருளை விரும்பினால் இல்லை என்று சொல்ல இங்கே யாருக்கு நெஞ்சுரம் இருந்திருக்கும்?

லண்டனுக்குப் போன பிறகும் தாரா உடனே வெளிச்சத்துக்கு வரவில்லை. மேலுடம்பில் துணியில்லாத பெண்ணுருவம் என்பதால் சுமார் முப்பது வருடம் பொதுமக்கள் கண்ணில் படாமல் வைத்திருந்தார்கள். ஆய்வாளர்களுக்கு மட்டும் அனுமதி. கும்பிடுவதற்காகச் செய்த உருவத்தை ஆபாசமாகப் பார்த்தது பார்த்தவர்களின் கண்ணில் இருந்த கோளாறு என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

இனி, எங்கட வீட்டுக்குள்ளேயே எழும்பிய கேள்வி. நாங்கள் முஸ்லிம் பிள்ளைகள். நிந்தவூர் மட்டக்களப்புக்கும் தெற்கே கிடக்கிறது. பௌத்தச் சிலையொன்றை 'நம்மட' என்று எப்படிச் சொல்வது? இதில் கூச்சமும் உண்டு, பயமும் உண்டு. கிழக்கில் 'தொல்பொருள்' என்ற சொல் காதில் விழுந்தாலே காணி போகப்போகுது என்றுதான் பெரியாக்கள் நினைக்கிறார்கள். அது காரணமில்லாத பயமுமில்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, முதலில் நியமித்தவர்களில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. பழையதெல்லாம் ஒரு சாராரின் சொத்து என்று காட்டினால், மற்றவன் அதிலிருந்து விலகித்தானே நிற்பான். ஆனால் நாங்களாகவே விலகி நின்றால் அந்தக் கணக்குச் சரியென்று ஒத்துக்கொண்ட மாதிரியும் ஆகிவிடும். இந்தக் கரையில் எங்களுக்கு முதல் வாழ்ந்தவர்களின் கைவேலையைப் பார்த்துச் சந்தோஷப்பட மதம் மாறத் தேவையில்லை.

திருப்பிக் கேட்கலாமா? 2023 டிசம்பரில் நெதர்லாந்து ஆறு பொருட்களைத் திருப்பித் தந்தது. 1765இல் கண்டியில் கொள்ளையடித்த, அம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையில் இருந்த லெவ்கேயின் பீரங்கியும் அதில் ஒன்று. லண்டனில் கதை வேறு. 1963ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் நூதனசாலை தன் சேகரிப்பிலிருந்து பொருளை வெளியே கொடுப்பதைப் பெரும்பாலும் தடுத்து வைத்திருக்கிறது. இப்போதைக்கு இதன் பிரதியொன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் நிற்கிறது.

கொழும்பு என்றதும் ஒரு பொருத்தம் கண்ணில் பட்டது. விம்பிள்டன் முதல் போட்டி 1877 ஜூலையில் நடந்தது. புல்தரை உருளையைத் திருத்தக் காசு தேவைப்பட்டதுதான் சாட்டு. ஆண்கள் 22 பேர் ஆடினார்கள், ஸ்பென்சர் கோர் வென்றார், இறுதி ஆட்டத்தை ஒரு ஷில்லிங் கொடுத்துப் பார்த்தவர்கள் சுமார் 200 பேர். கொழும்பு நூதனசாலை திறந்ததும் அதே 1877, ஜனவரி முதலாம் திகதி. அந்தக் கட்டடத்தைக் கட்டி எழுப்பினவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். திறப்பு விழாவில் ஆளுநர் கிரகறி "என்ன வேணும் கேள்" என்றாராம். பட்டம் பதவி ஒன்றும் கேட்காமல், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூட வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். இது வாய்வழியாக வரும் கதைதான். ஆனாலும் எங்களுக்குப் பிடித்த கதை.

உள்ளே காலி மும்மொழிக் கல்வெட்டும் இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியுடன் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது, 1911இல் காலியில் கிடைத்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். அந்தக் கல்லுக்கு முன்னால் எவ்வளவு நேரமும் நிற்கலாம்.

விசாவும் விமான டிக்கெட்டும் எங்கட கைக்கு எட்டாத சங்கதி. ஆனால் கொழும்பு நூதனசாலை இருக்கும் சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில்தான் இலங்கை டென்னிஸ் சங்கத்தின் கோர்ட்டுகளும் இருக்கின்றன. இரவு பஸ் ஏறினால் காலையில் கொழும்பு. தாராவின் பிரதி, வாப்பிச்சி மரிக்காரின் சுவர், பின்னேரம் கோர்ட்டு ஓரம் நின்று ஒரு ஆட்டம். பரீட்சை முடியப் போவதாகக் கதைத்து வைத்திருக்கிறோம்.

நானா அடுத்த ஜூலைக்கும் டிக்கெட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். இந்த முறை கிரீடத்தைக் கிட்டப் போய் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம். அந்த வெறும் இடத்தில் இருந்த கல்லு எவ்வளவு பெரிசாக இருந்திருக்கும் என்று பார்க்க வேணும்.