கைச்சி பள்ளிக் கட்டடம், மட்சுமோட்டோ
ஜப்பானின் நாகனோ மாகாணத்து மட்சுமோட்டோ நகரில் 1876-இல் எழுந்த பொதுத் தொடக்கப்பள்ளி. மேற்கத்தியப் பாணியின் நகல் என்று இதை ஒதுக்குவது பொருந்தாது. கட்டியவர் உள்ளூர்த் தச்சர் தாதெயிஷி செய்ஜூ. எண்கோணக் கோபுரம் அயல்நாட்டுச் சாயல்தான், ஆனால் சட்டகம் மரம், மூலைக்கற்களாகத் தெரிபவை வெறும் சாந்துப்பூச்சு. முகப்பில் தேவதைகள் பள்ளிப் பெயரை ஏந்தி நிற்க, கீழே டிராகன் நெளிகிறது. நகலெடுப்பவருக்கு இந்தத் துணிச்சல் வராது. செலவில் சுமார் 70 விழுக்காடு நகரமக்களின் நன்கொடை என்பதால், அரசு திணித்த அலங்காரம் என்றும் சொல்லிவிட முடியாது.

1963 வரை இங்கே வகுப்புகள் நடந்தன. பின்னர் ஆற்றுச் சீரமைப்புக்காகப் பிரித்து, நகரின் கோட்டைக்கு அருகே மீண்டும் நிறுத்தப்பட்டதால் மூலத்தன்மை போயிற்று என்பர் சிலர். பிரித்துக் கோப்பது ஜப்பானிய மரவேலையில் புதிதல்ல. 2019-இல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கவும் இடமாற்றம் தடையாக இருக்கவில்லை.