வட்டக்கோட்டையும் பாரசீக இளவரசனும்

மலர்க் குழுவினர் "வரலாற்றுக் கட்டுரை ஒன்று தாருங்கள்" என்றதும் வட்டக்கோட்டையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் கதையாகப் போய்விட்டது. ஆசிரியர் குழு பொறுத்தருள்க.

கோட்டையை நம்மவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மார்த்தாண்ட வர்மர் காலத்தில் அதைக் கருங்கல்லால் வலுப்படுத்தியவர் டிலனாய். 1741 ஆகஸ்டில் குளச்சலில் திருவிதாங்கூரோடு மோதித் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிக்காரர். தாக்க வந்தவனுக்குத்தான் எந்த மூலை பலவீனம் என்று தெரியும் என மன்னர் நினைத்தாரோ என்னவோ, அவரையே தம் படைக்குப் பயிற்சி தரவும் கோட்டைகள் கட்டவும் வைத்துக்கொண்டார். 1777-ல் இறந்த டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது.

2011-ல், மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, சிம்போசியத்துக்காக நாங்கள் நாலு பேர் ஃபிளாஷில் ஒரு விளையாட்டு செய்தோம். களம் வட்டக்கோட்டை. தாவி ஏறி, கல்லைத் தள்ளி, கதவைத் திறந்து, நடுவிலிருக்கும் குளத்தை அடைய வேண்டும். எங்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு; கண்ணை மூடிக்கொண்டு முடிப்போம். சரி, வெளியாள் ஒருவர் ஆடட்டும் என்று மெஸ் அண்ணாச்சியின் மகனைக் கூட்டி வந்து உட்கார வைத்தோம். முதல் திரையிலேயே பத்து நிமிடம் குழிக்குள் விழுந்துகொண்டிருந்தான். கடைசியில் திரும்பி, "அண்ணே, கல்லத் தள்ளலாம்னு எனக்கு யாரு சொன்னா?" என்றான்.

திரையை வரைந்த நண்பனுக்குச் சுருக்கென்று வந்தது. "இவனுக்கு வெளையாடத் தெரியலலே" என்றான். ஜூனியர் பையன்கள் மூன்று பேரை ஆடவிட்டோம். மூவரும் அதே குழியில் விழுந்தார்கள்.

லேபில் எல்லாரும் ஆடிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வின் வரலாறு அப்போது எனக்குத் தெரியாது. ஜோர்டன் மெக்னர் அதை 1985-ல் தொடங்கி 1989-ல்தான் வெளியிட்டார். தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு அசைவாக வரைந்தார். இளவரசனின் நடை அவ்வளவு உயிரோட்டமாக இருப்பது அதனால்தான். ஆனால் முதலில் அதில் வாள்சண்டையே கிடையாது. கதவுகள், பொறிகள், முட்கள் மட்டும். உடன் வேலைபார்த்த டோமி பியர்ஸ் என்ற பெண்மணி, சண்டை இல்லாவிட்டால் இது சப்பென்று இருக்கிறது என்று விடாமல் சொல்லியிருக்கிறார். மெக்னருக்கு மனமில்லை. ஆப்பிள் கணினியின் நினைவகத்தில் இன்னொரு ஆளின் படங்களுக்கு இடமும் இல்லை. பிறகு, இளவரசனின் படத்தையே ஒரு புள்ளி தள்ளிவைத்து அதன்மீதே எக்ஸார் செய்தபோது மினுமினுக்கும் ஓர் உருவம் கிடைத்தது. கண்ணாடியிலிருந்து குதித்து வரும் நிழல் மனிதன் அப்படிப் பிறந்தவன். கடைசியில் அவனை வெட்டினால் நமக்குத்தான் உயிர் குறையும். வாளை உறையில் போட்டால்தான் வழி விடுவான். (முதல் முறை இதைக் கண்டுபிடிக்க எங்கள் பெஞ்சுக்கு ஒரு வாரம் ஆனது.) நிழலுக்குப் பிறகுதான் காவலர்களும் வாள்சண்டையும் வந்தன.

மெக்னர் பிடிவாதமாக இருந்தாலும், மாற்றியது அவர் கையால்தான். நான் செய்தது வேறு. சிம்போசியத்துக்கு முந்தின இரவு, நண்பன் தூங்கப் போனபின், அவன் வரைந்த முதல் திரையை நானே மாற்றிவிட்டேன். குழியை எடுத்துவிட்டு, சமதரையில் வெளிர்நிறக் கல் ஒன்றைப் பாதையை மறித்து வைத்தேன். சாகப் பயமில்லாத இடத்தில் கல்லை முட்டிப் பார்த்துத்தானே ஆக வேண்டும்? குழியை இரண்டாம் திரைக்குத் தள்ளினேன். மறுநாள் வந்தவர்கள் யாரிடமும் கேட்காமலே கல்லைத் தள்ளினார்கள். இரண்டாம் பரிசு கிடைத்தது. நண்பன் மேடையேற வரவில்லை. அதன்பின் கல்லூரி முடியும்வரை அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மாற்றம் சரிதான் என்று இன்றும் சொல்வேன். கேட்காமல் செய்தது தப்பு.

மெக்னர் தொலைந்துவிட்டதாக நினைத்த மூல நிரல் 2012-ல் அவருடைய அப்பாவின் வீட்டிலிருந்து வந்த பழைய ஃபிளாப்பிகளில் கிடைத்தது. எங்கள் விளையாட்டின் நிரல் ஒரே ஒரு சிடியில் இருந்தது, அது அவனிடம். 2020 முடிவோடு ஃபிளாஷுக்கும் மூடுவிழா ஆகிவிட்டது. என்றாலும் பழைய கோப்பை ஓட்ட வழி இருக்கிறது.

மக்கா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். சந்திப்புக்கு வரும்போது அந்த சிடியைக் கொண்டு வா. உன் பழைய முதல் திரையும் அதில் இருக்கிறது, அழிக்கவில்லை.