பாரெட் உணவுக்குழாய்: புற்றை முந்திக் கண்டறிந்த வரலாறு

உணவுக்குழாயின் உட்சுவரைத் தட்டையான செல்கள் மூடியிருக்கின்றன. இரைப்பை அமிலம் ஆண்டுக்கணக்கில் மேலேறி அரித்தால், சிலருக்குக் குழாயின் அடிப்பகுதியில் அந்தச் செல்கள் அழிந்து, குடலில் இருப்பவை போன்ற தூண் வடிவச் செல்கள் அங்கே வளர்கின்றன. வெளிறிய சுவர் செந்நிறத் திட்டாக மாறுகிறது. இதற்குப் பாரெட் உணவுக்குழாய் என்று பெயர். பெரும்பாலோருக்கு இது அந்த அளவிலேயே நின்றுவிடும். சிலருக்கு மட்டும் செல்கள் படிப்படியாகச் சீர்குலைந்து, டிஸ்பிளேசியா என்ற நிலையைக் கடந்து புற்றுநோயாகின்றன. சோறு தொண்டைக்குக் கீழே சிக்குகிறது என்று நோயாளி உணரும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். அதனால்தான் அறிகுறி தோன்றும் முன்பே கண்டறிவது உயிர் காக்கும் வேலை ஆகிறது.

அடிலெய்டில் பிறந்து லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் நார்மன் பாரெட், 1950-ல் இந்தப் பகுதியைப் பற்றி எழுதினார். பிறவியிலேயே உணவுக்குழாய் குட்டையாக இருப்பதால் மார்புக்குள் இழுக்கப்பட்ட இரைப்பையே அது என்பது அவர் கருத்து. 1953-ல் அலிசனும் ஜான்ஸ்டனும் அதை மறுத்தார்கள்: உள்தோல் மாறியிருந்தாலும் தசையும் சுரப்பிகளும் உணவுக்குழாய்க்கு உரியவையே என்று காட்டினார்கள். 1957-ல் பாரெட்டும் அதை ஏற்றார். பெயர் அவருடையதாகவே நிலைத்தது.

மார்புக்குள் ஆழத்தில் கிடக்கும் அந்தத் திட்டைக் கண்ணால் பார்ப்பது அடுத்த சிக்கல். 1868-ல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் அடால்ஃப் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியே நேரான உலோகக் குழாயை இரைப்பை வரை செலுத்திக் காட்டினார். சாதாரண நோயாளி அதைத் தாங்குவது கடினம். 1957-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ், வளையும் கண்ணாடி இழைகளால் எண்டோஸ்கோப்பை உருவாக்கி, முதலில் தாமே அதை விழுங்கிப் பார்த்தார். அதன் பின்னரே ஒரே நோயாளியின் உணவுக்குழாயைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது இயல்பானது.

பார்ப்பது மட்டும் போதவில்லை. டிஸ்பிளேசியா உள்ள இடமும் இல்லாத இடமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியலாம். அமெரிக்காவின் சியாட்டில் மருத்துவர்கள் வகுத்த முறை இதற்கு விடை தந்தது: இரண்டு சென்டிமீட்டருக்கு ஒருமுறை, சுவரின் நான்கு பக்கத்திலிருந்தும் சிறு இடுக்கியால் சதைத் துணுக்கு எடுப்பது, அதாவது பயாப்சி. ஆறு சென்டிமீட்டர் திட்டுக்குக் குறைந்தது பன்னிரண்டு துணுக்குகள். டிஸ்பிளேசியா ஏற்கெனவே தெரிந்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. ஒவ்வொன்றும் நுண்ணோக்கியின் கீழ் படிக்கப்படுகிறது.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்வது? பாரெட் உள்ளவர்களில் ஆண்டுக்கு 0.5 சதவீதம் பேருக்குப் புற்று வரும் என்று நீண்டகாலம் கருதப்பட்டது. 2011-ல் வெளியான டென்மார்க் ஆய்வு அதை 0.12 சதவீதமாகக் குறைத்துக் காட்டியது. டிஸ்பிளேசியா இல்லாதவர்களுக்குச் சோதனை இடைவெளி பல ஆண்டுகளாக நீண்டது. சிகிச்சையும் மாறியது. முன்பு கடுமையான டிஸ்பிளேசியா என்றால் உணவுக்குழாயையே வெட்டி எடுப்பார்கள். ரேடியோ அலை வெப்பத்தால் திட்டை மட்டும் சுட்டு அழிக்கலாம் என்பதை 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வு உறுதிசெய்தது.

ஆனால் தமக்குப் பாரெட் இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம். அவர்களைக் கண்டறிய எளிய வழி தேவைப்பட்டது. சீனாவின் லின்சியான் வட்டாரத்தில், தட்டைச் செல் புற்று மிகுந்திருந்ததால், வலை போர்த்திய பலூனை விழுங்கச் செய்து மேலே இழுத்துச் செல்களைச் சேகரித்தார்கள். அதே எண்ணம் கேம்பிரிட்ஜில் ரெபெக்கா ஃபிட்ஸ்ஜெரால்டின் குழுவில் புது வடிவம் பெற்றது. நூல் கட்டிய மாத்திரையை நோயாளி விழுங்குகிறார். சில நிமிடங்களில் உறை கரைந்து, உள்ளிருந்த பஞ்சு விரிகிறது. நூலைப் பிடித்து இழுத்தால் வழியெங்கும் செல்களைத் துடைத்துக்கொண்டு வருகிறது. பிரிட்டனில் 13,000-க்கு மேற்பட்ட நெஞ்செரிச்சல் நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2020-ல் வந்தது. வழக்கமான கவனிப்பில் 13 பேருக்குப் பாரெட் கண்டறியப்பட்டது. பஞ்சுச் சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் 140 பேருக்கு. அப்பிரிவில் நால்வருக்கு டிஸ்பிளேசியாவும் ஐவருக்கு முதல் கட்டப் புற்றும் தெரியவந்தன. பஞ்சு ஐயத்தை எழுப்பும். எண்டோஸ்கோப்பும் பயாப்சியும் அதை உறுதிசெய்யும்.