இரண்டு மாளிகைகள், இரண்டு வரலாறுகள்



மரணித்தவர் வீட்டில் சுற்றித் திரிவார் என்று நாம் நம்புவதில்லை. ஆனாலும் 'கோஸ்ட்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடரை வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் ஒருமுறை பார்க்கலாம். பிபிசி 2019இல் தொடங்கியது; 2021இல் சிபிஎஸ் அமெரிக்காவுக்கேற்ப மாற்றி எடுத்தது. ஓர் இளம் தம்பதிக்குப் பழைய மாளிகை ஒன்று சொத்தாக வருகிறது. விழுந்து அடிபட்ட மனைவிக்கு அங்கே இறந்தவர்கள் தெரிகிறார்கள்.

யார் அவர்கள் என்பதில்தான் விடயம் இருக்கிறது.

இங்கிலாந்து வீட்டில் கற்கால மனிதன், கவிஞர், உலகப் போர்க் கப்டன், பாராளுமன்ற உறுப்பினர், சூனியக்காரி என்று எரிக்கப்பட்ட பெண். (இங்கிலாந்தில் சூனியக் குற்றத்துக்குத் தூக்குத்தான் தண்டனை, எரித்தது ஸ்கொட்லாந்தில்.) எல்லோரும் ஒரே நாட்டின் தொடர்ச்சி போலத் தெரிகிறார்கள். 1066இல் நோர்மன்கள் வந்து நிலத்தைப் பிடுங்கிய நாடு அது. ஆனால் பிரதான பாத்திரங்களில் நிலம் பறிகொடுத்தவர் ஒருவரும் இல்லை.

அமெரிக்க மாளிகை நியூயோர்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கில். அங்கே சுதந்திரப் போர் அதிகாரி, ஜாஸ் பாடகி, வோல் ஸ்ட்ரீட்காரர் இருக்கிறார்கள். கூடவே சசப்பிஸ். லெனாபே பழங்குடி இளைஞர், 16ஆம் நூற்றாண்டில் இறந்தவர். அப்போது அந்த வீடே இல்லை. பிறகு வந்த செல்வந்தச் சீமாட்டி ஹெட்டி, அது தன் வீடு என்கிறாள். லெனாபே மக்களோ ஒக்லஹோமா, விஸ்கொன்சின், கனடா வரை தள்ளப்பட்டார்கள்.

நம்மை அதிகம் சிரிக்க வைத்தது பிபிசி தொடர்தான். வகுப்பில் பேச எடுப்பதென்றால் சசப்பிஸைத்தான் எடுப்போம்.