மூக்குக் கண்ணாடியின் கீல்: ஒரு குட்டி சரித்திரம்

கண்ணாடி போட்ட பதிவர்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் அதைக் கழற்றி, காதுக்கம்பி மடங்குகிற மூலையைப் பாருங்க. (கழற்றினா எதுவும் தெரியாதுங்கறவங்க பக்கத்து சீட்டுக்காரர் கண்ணாடியைப் பார்க்கவும் :-)) முகப்பிலிருந்து ரெண்டு மூணு குட்டி வளையம், கம்பியிலிருந்து ஒண்ணு ரெண்டு வளையம். விரலோடு விரல் கோத்த மாதிரி உட்கார்ந்திருக்கும். நடுவில் மேலிருந்து கீழே ஒரு பொடி ஸ்க்ரூ. கதவில் இருக்கிற அதே கீல்தான், எறும்பு சைஸில்.

கண்ணாடி எங்கே முதலில் வீணாப் போகுதுன்னு யோசிச்சா, லென்ஸ் இல்லை, இந்தக் கீல்தான். ஸ்க்ரூ கழன்று விழும், குண்டூசியைச் சொருகுவோம், சேஃப்டி பின் போடுவோம், கறுப்பு நூல் சுத்துவோம். வாசிக்கிற கண்ணாடிக்கே வழியில்லாதவங்க கோடிக்கணக்கில் இருக்கும் உலகத்தில், இந்தக் கீலை மலிவாகச் செய்வது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் சிலர் உண்டு. அவர்கள் கதைதான் இந்தப் பதிவு.

முதலில் ஆரம்பம். 1306இல் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் ஜியார்டானோ என்ற பைசா ஊர்த் துறவி ஒரு பிரசங்கத்தில், கண்ணாடி செய்யும் கலை வந்து இன்னும் இருபது வருஷம்கூட ஆகவில்லை என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கில் 1286 வாக்கில் இத்தாலியில் பிறந்த சரக்கு இது. அப்போ காதுக்கம்பியே கிடையாது. கைப்பிடி வைத்த ரெண்டு பூதக்கண்ணாடி, கைப்பிடி நுனிகளைச் சேர்த்து ஒரு ரிவெட். கத்தரிக்கோல் மாதிரி விரித்து மூக்கில் வைக்கணும். ஆக, கண்ணாடியில் முதல் மூட்டு வந்தது மூக்குக்கு மேலே. காதுப் பக்கம் வர இன்னும் 400 வருஷத்துக்கு மேல் ஆச்சு.

1352இல் இத்தாலியின் ட்ரெவீசோ ஊரில் டொமாஸோ என்ற ஓவியர் (மோடெனா ஊர்க்காரர்) ஹ்யூ என்கிற கார்டினலை இந்த ரிவெட் கண்ணாடியோடு வரைந்து வைத்தார். கண்ணாடியைக் காட்டும் ஆகப் பழைய ஓவியம்னு அதைத்தான் சொல்றாங்க. இதில் வேடிக்கை, அந்த கார்டினல் செத்தது 1263இல். கண்ணாடி கண்டுபிடிக்கும் முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார் பாவம். பெரிய படிப்பாளின்னு காட்ட ஓவியர் மாட்டிவிட்டார் போல. அந்தக் காலத்து அசல் கண்ணாடிகளும் கிடைச்சிருக்கு: ஜெர்மனியில் வீன்ஹவுசன் கன்னி மாடத்தில் 1953இல் தரைப் பலகையைப் பெயர்த்தபோது அடியில் கிடந்தது. பிரார்த்தனைக்கு நடுவில் மூக்கிலிருந்து நழுவி, பலகை இடுக்கில் விழுந்திருக்கும்னு தோணுது. காதில் மாட்ட ஏதாவது இருந்திருந்தா விழுந்திருக்காதே!

அந்தக் காதுக்கம்பியை 1720களின் கடைசியில் லண்டன் கண்ணாடிக்காரர் எட்வர்ட் ஸ்கார்லெட் விளம்பரப்படுத்தினார். அது காதுக்குப் பின்னால் போகாது, நெற்றிப்பொட்டை ரெண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கும். நுனியில் வளையம். 1752இல் ஜேம்ஸ் ஐஸ்கோ, கம்பியின் நடுவிலும் ஒரு மடிப்பு வைத்து, இரட்டைக் கீல் கண்ணாடி விற்றார். ஒரு கண்ணாடிக்கு ரெண்டு கீல் போய் நாலு கீல். சட்டைப்பையில் வைக்க சௌகரியம், உடையவும் நாலு இடம்.

மலிவு என்கிற எண்ணம் எனக்குத் தெரிந்து நன்றாக வேர் விட்ட இடம் ஃப்ரான்ஸின் ஜூரா மலைப்பகுதி. 1796இல் மோரே ஊர்ப் பக்கம் கசோ என்ற ஆணி செய்பவர், ஆணிக்கான இரும்புக் கம்பியை வளைத்துக் கண்ணாடிச் சட்டம் செய்ய ஆரம்பித்தார். ஆசாரி கையில் இருக்கும் சரக்கும், அவருக்குத் தெரிந்த வேலையும்! ஊரே பிற்பாடு கண்ணாடி ஊராக மாறிப் போச்சு. இந்தக் கம்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, கடைசியில் திரும்ப வரும்.

இப்போ நம்ம மூலையில் இருக்கும் ஸ்க்ரூ கீல். இதை எப்படிச் செய்யறாங்கன்னு பார்த்தா விலை எங்கே ஏறுதுன்னு புரியும். பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். (பூஜைத் தட்டு வாங்குவோமே அதே உலோகம். செம்பு, நிக்கல், துத்தநாகம். வெள்ளி ஒரு குன்றிமணிகூடக் கிடையாது.) கெட்டித் துண்டில் பள்ளம் கடைந்து வளையங்களைப் பிரிக்கணும். துளை போடணும். கடைசி வளையத்தில் மரை வெட்டணும். பிறகு சட்டத்தோடு பற்றவைக்கணும், பிளாஸ்டிக் சட்டம் என்றால் சூடாக்கி உள்ளே அமுக்கணும் அல்லது ரிவெட் அடிக்கணும். வளையங்களுக்கு நடுவில் இடைவெளி கொஞ்சம் கூடினா கம்பி லொடலொடக்கும், கொஞ்சம் குறைஞ்சா மடங்கவே மடங்காது. அரைக் கட்டைவிரல் நகம் அளவு சாமானுக்கு இத்தனை வேலை. உலோகத்தின் விலை ஒண்ணுமில்லை, கை மாறும் தடவைகளுக்குத்தான் காசு.

கண்ணாடி விலை அரசாங்கத்தையே ஆட்டிய கதை ஒண்ணு இருக்கு. 1948 ஜூலை 5ஆம் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கி, கண்ணாடியும் இலவசம்னு சொன்னாங்க. முதல் வருஷத்தில் 50 லட்சம் ஜோடிக்கு மேல் போச்சு. கடைத்தெருவில் தட்டுத்தடவி யாரோ ஒருத்தர் பவரில் ஒரு கண்ணாடியை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த ஜனம் எவ்வளவுன்னு அப்பத்தான் தெரிஞ்சது. 1951 ஏப்ரலில் கொரியப் போர்க் காலத்து ஆயுதச் செலவுக்கு இழுபறி வந்தபோது, நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல் கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் பாதி விலை வாங்கணும்னார். சேவையை உண்டாக்கிய அன்யூரின் பெவன் மந்திரி பதவியை ராஜினாமா பண்ணிட்டார். கூடவே போனவர்களில் ஒருவர் ஹெரால்ட் வில்சன், பின்னாளில் பிரதமர் ஆனவர். மூக்குக் கண்ணாடிக்காக மந்திரி பதவியை விட்ட ஆட்களை நம்ம ஊரில் கற்பனை பண்ணிப் பாருங்க. ம்ஹூம்.

சரி, தகட்டுக்கு வருவோம். வீட்டுக் கதவுக் கீலைப் பாருங்க. கடைசல் வேலை ஏதும் கிடையாது. இரும்புத் தகட்டை வெட்டி, ஓரத்தைச் சுருட்டி, நடுவில் ஒரு ஊசி. பிரஸ்ஸில் ரெண்டு மூணு அடியில் முடிந்த வேலை. அப்போ கண்ணாடிக்கும் இதையே சின்னதாச் செய்ய வேண்டியதுதானே? என்னடா கஷ்டம்?

கஷ்டம் ஸ்க்ரூவில் இருக்கு. கண்ணாடி ஸ்க்ரூவில் சகஜமான ஒரு அளவு 1.4 மில்லிமீட்டர் விட்டம். அதன் மரையில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் 0.3 மில்லிமீட்டர். தகடு அரை மில்லிமீட்டர் என்றால் அதில் ரெண்டு சுற்று மரைகூட விழாது. ரெண்டு சுற்று மரையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்க்ரூ எத்தனை நாள் நிற்கும்? தகட்டைத் தடிமனாக்கினா கனம் ஏறும், சின்ன வட்டமாகச் சுருட்ட முடியாது, வெளிப்பக்கம் விரிசல் விடும். அதிலும் தகட்டுக்கு மரம் மாதிரி ஒரு ஓட்டம் உண்டு. உருளையில் இழுத்த திசை. அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே மடித்தால் தாங்கும், ஓட்டத்தோடு மடித்தால் சீக்கிரம் வெடிக்கும். போதாக்குறைக்கு ஸ்பிரிங் ஸ்டீலை எவ்வளவு மடித்தாலும் கொஞ்சம் திரும்பி விரியும். முழு வட்டம்னு நினைச்சுச் சுருட்டினது வாய் பிளந்து நிற்கும். கூடுதலாக மடித்து, விரிந்தபிறகு சரியான அளவு வருகிற மாதிரி டை செய்யணும். இத்தனையும் தாண்டி, மடக்கி விரிக்கும் சோதனையில் தேறணும். கண்ணாடிச் சட்டங்களுக்கான ஐஎஸ்ஓ 12870 தரத்தில் 500 தடவை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கழற்றி மாட்டுகிறவருக்கு அது 50 நாள் கணக்குதான்!

இதற்கு புத்திசாலித்தனமான பதில் எதுன்னா, ஸ்க்ரூவையே தூக்கிப் போடுவது. டென்மார்க்கில் லிண்ட்பெர்க் கம்பெனி 1980களில் டைட்டானியம் கம்பியை வைத்து அதைச் செய்தது. கம்பியின் நுனியையே சுருளாகச் சுற்றி அதுவே கீல். பற்றவைப்பு இல்லை, ஸ்க்ரூ இல்லை, ரிவெட் இல்லை. தகட்டில் செய்தவர்கள் பெர்லின்காரர்கள். ஃபிலிப் ஹாஃப்மன்ஸ், ஹாரல்ட் காட்ஷ்லிங் என்ற ரெண்டு டிசைன் மாணவர்கள், கூட ரால்ஃப் ஆண்டர்ல். 1990களின் நடுவில் ‘ஐசி பெர்லின்’ என்று தொடங்கினாங்க. அரை மில்லிமீட்டர் ஸ்பிரிங் ஸ்டீல் தகட்டை வெட்டி, காதுக்கம்பி நுனியை நாக்கு நாக்காகப் பிரித்து, முகப்பின் மடிந்த ஓரத்தில் கொக்கி மாதிரி மாட்டிவிடுவது. தகட்டின் விறைப்பே பிடித்துக்கொள்ளும். மேலே உட்கார்ந்தாலும் கம்பி கழன்று வந்துவிடும், உடையாது, எடுத்து ‘டிக்’ என்று திரும்ப மாட்டலாம். என் பார்வையில் 1752க்கு அப்புறம் கீலில் வந்த நல்ல யோசனை இதுதான். தகட்டின் குறையாக இருந்த விரிகிற குணத்தையே வேலைக்கு வைத்துவிட்டார்கள், பாருங்க.

ஹாஃப்மன்ஸும் காட்ஷ்லிங்கும் பிறகு பிரிந்துபோய் 2003இல் வேறு ரெண்டு பேரோடு ‘மைகீட்டா’ தொடங்கினாங்க. அங்கேயும் தகடுதான், ஸ்க்ரூ இல்லாத வேறு மாதிரிக் கீல். (கீட்டா என்றால் ஜெர்மனில் குழந்தைகள் காப்பகம். முதல் பட்டறை ஒரு பழைய காப்பகக் கட்டடத்தில்.)

இவ்வளவு எளிமையான கீல் மலிவா இருக்கணுமே? அதான் இல்லை. ரெண்டு பிராண்டுமே பல நூறு யூரோ. காரணம் பேராசை மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பிரஸ்ஸும் டையும் வைத்தால் ஒரு கீல் சல்லிசு, ஆனால் அந்த டை செய்கிற செலவு லட்சக்கணக்கில் ஒரே மாதிரி அடித்தால்தான் கைக்கு வரும். ஃபேஷன் கண்ணாடி சீசனுக்கு சீசன் மாறும். டை இல்லாமல் லேசரிலோ அமிலத்திலோ தகட்டை வெட்டலாம், எந்த வடிவமும் வரும், ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் நேரமும் காசும். அப்புறம் கையால் மடிப்பு, பாலீஷ், கடை வாடகை, பெயர். ஏழைக்குப் பொருத்தமான ஒரு யோசனை போய் பணக்காரன் மூக்கில் உட்கார்ந்த கதை இது. எனக்கு இதில் வருத்தம்தான்.

ஏழைக்காக யோசித்தவர் வேறொரு ஜெர்மன்காரர். மார்ட்டின் ஆஃப்முத், எர்லாங்கன் ஊரில் கணக்கு, பௌதிக வாத்தியார். பால் போலக் எழுதிய வறுமை ஒழிப்புப் புத்தகம் ஒன்றில் மலிவுக் கண்ணாடியின் தேவையைப் படித்துவிட்டு, வீட்டிலேயே சோதனை செய்து ஒரு வளைப்புப் பெட்டி கட்டினார். 2012இல் ‘ஒரு டாலர் கண்ணாடி’ சங்கம். 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் பெட்டிக்குள் எல்லாக் கருவியும் அடக்கம், கரண்ட் வேண்டாம். ஸ்பிரிங் ஸ்டீல் கம்பியை அளந்து அதில் வளைத்தால் சட்டம். கீலும் அதே கம்பியில் வளைத்த சுருள்தான். லென்ஸ் ஏற்கனவே வெட்டி வைத்தது, அழுத்தி மாட்டணும். பொருள் செலவு சுமார் ஒரு டாலர். விற்பது உள்ளூர் கூலி ரெண்டு மூணு நாள் கணக்கில். புர்கினா ஃபாசோ, மலாவி, பொலிவியா, இந்தியா என்று போயிருக்கு. ஜூரா ஆணிக்காரர் கம்பி மறுபடி வந்துடுச்சு, பார்த்தீங்களா.

தகட்டை விட்டு அவர் கம்பிக்குப் போனதில் நியாயம் இருக்கு. தகட்டுக் கீலுக்கு டை வேணும், டைக்கு டூல் ரூம் வேணும். கம்பிக்கு ஒரு பெட்டியும் பழகின கையும் போதும். உடைந்தால் செய்த ஆளே அதே ஊரில் சரிசெய்வார். தகட்டிலும் அந்த மாதிரி ஒண்ணு செய்ய முடியாதா? ஊருக்கு ஒரு டை, அதை வைத்து லட்சக்கணக்கில் கீல் மட்டும் அடித்து, சட்டத்தை அங்கங்கே செய்துகொள்ளலாமே என்று எனக்கு ஒரு நப்பாசை. கோவை பட்டறைக்காரங்க யாராவது இதைப் படித்தால் கணக்குப் போட்டுச் சொல்லுங்க.

எதற்கு இவ்வளவு அலட்டல்னு கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கில், நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்துப் பார்வை மங்கியவர்கள் 82.6 கோடி. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயது தாண்டிய 751 தொழிலாளர்களை ரெண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் முதலில் வாசிப்புக் கண்ணாடி கொடுத்து ஒரு ஆய்வு நடந்தது. 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த்தில் வெளிவந்தது. கண்ணாடி போட்டவர்கள் பறிக்கும் இலையின் அளவு, மற்றவர்களுக்கு ஏறியதைவிட 21.7 சதவீதம் கூடுதலாக ஏறியது. பறித்த எடைக்குத் தகுந்த காசு என்கிற தோட்டத்தில் அது நேரே சம்பளம். கண்ணாடி, பரிசோதனை, கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் சேர்த்து ஆளுக்குப் பத்து டாலர் சொச்சம்தான் ஆச்சு.

அந்தக் கண்ணாடியின் 1.4 மில்லிமீட்டர் ஸ்க்ரூ ஒரு நாள் தேயிலைப் புதருக்குள் விழுந்தால் எங்கே போய்த் தேடுவது? பக்கத்துக் கண்ணாடிக் கடை எத்தனை மைல்?

உங்க ஊர்ல கழன்ற கீலுக்கு என்ன போட்டு ஒப்பேத்துறாங்கன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க. குண்டூசி, நூல் தவிர வேற ஐடியா இருந்தா ரொம்ப சந்தோஷம்.